தலைகுந்தா வீடு: நிழல் பாத்து அடிச்ச பெயிண்ட் எட்டு மாசத்துல மாவா கொட்டுன கதை

"ஊட்டில பெயிண்ட் நிக்காதுங்க"ன்னு மேட்டுப்பாளையத்துல எந்த பெயிண்ட் கடைல கேட்டாலும் சொல்லுவாங்க. நானும் பல வருஷம் கஸ்டமர் கிட்ட அதையே தான் சொல்லிட்டு இருந்தேன், சொன்னா நம்ம மேல பழி வராது பாருங்க, க்ளைமேட் மேல போட்டுடலாம். அந்த வாயை மூட வெச்ச வீடு இது. முதல் தடவை அடிச்சதும் நான், சொதப்புனதும் நான், ரெண்டாவது தடவை கைக்காசு பாதி போட்டு சரி பண்ணுனதும் நான். அதனால யாரையும் குத்தம் சொல்ற கதை இல்ல இது.

வீடு இருக்குறது ஊட்டிய ஒட்டி தலைகுந்தா பக்கம். டிசம்பர் ஜனவரி வந்தா டிவி நியூஸ்ல புல்லு மேல உப்பு தூவுன மாதிரி வெள்ளையா காட்டுவாங்கல்ல, அந்த ஏரியா. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2240 மீட்டர், தொட்டபெட்டா 2637, ஆனா உறைபனி மேட்டை விட பள்ளத்துல தான் ஜாஸ்தி விழும். குளிர்ந்த காத்து கனம், ராத்திரி சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு வந்து பள்ளத்துல தேங்கிடும். இந்த வீடு சரியா அப்படி ஒரு பள்ளத்து ஓரத்துல, எதுத்தாப்புல புல்வெளி. பாக்க அவ்ளோ அழகு, பெயிண்ட்டுக்கு அவ்ளோ கெடுதல்.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆளு, அவர் சம்சாரம் டீச்சரா இருந்தவங்க. ஊரே அவங்கள டீச்சர்னு தான் கூப்பிடும், நானும் அப்படியே. வீடு ரெண்டு பாகம். வடக்குப் பக்கம் இருக்குறது வெள்ளைக்காரன் காலத்து மாதிரி, கல்லும் மண்ணுமா கட்டி சுண்ணாம்பு பூச்சு பூசுனது, மேல தகரம். தெக்கால 2012ல ஒட்டி கட்டுனது, ஹாலோ பிளாக், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம். வெளிப்பக்கம் மொத்தம் 2600 சதுர அடி வந்துச்சு. மகளுக்கு தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள முடிக்கணும்னு 2020 டிசம்பர்ல கூப்பிட்டாங்க. கொரோனால ஒம்பது மாசம் வேலை இல்லாம கிடந்தோம், டிசம்பர்ல அடிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற நெலமைல நான் இல்ல. அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறிட்டேன்.

பதினோரு நாள்ல முடிச்சோம். கல்யாண போட்டோல வீடு ஜொலிச்சுது, இன்னைக்கும் அந்த போட்டோவ பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

அப்பவே ஒரு அறிகுறி காட்டுச்சு, நான் தான் கண்டுக்கல. நாலாவது நாள் காலைல போனா முந்தின நாள் அடிச்ச செவுத்துல தேன் வழிஞ்ச மாதிரி பழுப்பா கோடு கோடா இறங்கியிருக்கு, தொட்டா சோப்பு மாதிரி வழுவழுன்னு. டீச்சர் துரு தண்ணின்னு நெனச்சு பதறிட்டாங்க. துரு இல்ல அது. தண்ணி பெயிண்ட்ல கலர் பொடியும் பிசினும் தண்ணியோட பிரியாம கலந்து நிக்கறதுக்கு சோப்பு மாதிரி ஒரு சரக்கு போட்டிருப்பான், பெயிண்ட் முழுசா காயறதுக்குள்ள பனி இறங்குனா அந்த சரக்கு மேல வந்து வழியும். வெறும் தண்ணி ஊத்தி கழுவுனா போயிடும், கழுவிட்டோம், மறந்துட்டோம். செவுரு "நான் இன்னும் காயல"ன்னு வாயத் தொறந்து சொன்னதே அது தான்னு இப்ப புரியுது.

அங்க ஒத்தாசைக்கு வந்த உள்ளூர் அண்ணன் ஒருத்தர், படுகர், அறுபது வயசுக்கு மேல இருக்கும், தினமும் மூணு மணியானா "போதும் தம்பி, பிரஷ்ஷ கழுவு"ம்பார். நாங்க சிரிப்போம். மூணு மணிக்கு எந்த ஊர்ல பெயிண்டர் வேலைய நிறுத்துவான்? லைட் இருக்குற வரைக்கும், அஞ்சரை வரைக்கும் அடிப்போம்.

2021 ஜூன் வரைக்கும் லாக்டவுன். ஜூலைல வீட்டுக்கார சார் போன் பண்ணுனார், திட்டல, அது தான் கஷ்டமா இருந்துச்சு. "ஒரு தடவ வந்து பாத்துட்டு போங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார். தென்மேற்கு மழை கொஞ்சம் ஓயட்டும்னு பாத்து செப்டம்பர்ல போனேன்.

நாலு பக்கமும் நாலு வியாதி

ஒரே பெயிண்ட், ஒரே ஆளுங்க, ஒரே மாசம். ஆனா நாலு பக்கமும் நாலு விதமா கெட்டிருக்கு. பெயிண்ட் மட்டும் காரணம்னா நாலு பக்கமும் ஒரே மாதிரி தானே கெட்டிருக்கணும்? இந்த ஒரு கேள்வி தான் எனக்கு மொத்த விஷயத்தையும் திறந்து விட்டுச்சு.

கிழக்குப் பக்கம், புது பாகம். கைய வெச்சு தடவுனா உள்ளங்கை பூரா வெள்ளை மாவு. எட்டு வருஷம் ஆன பெயிண்ட்ல இப்படி வரலாம், எட்டு மாசத்துல வரக்கூடாது. லென்ஸ் வெச்சு பாத்தா வத்திப்போன குளத்துல சேறு வெடிச்ச மாதிரி பொடி வெடிப்பு.

இந்த செவுத்த எப்ப அடிச்சோம்னு நோட்டுல பாத்தேன், மூணு நாளும் மதியத்துக்கு மேல. ஏன்னா கீழ ஊர்ல நாங்க கத்துக்கிட்டது "வெயில்ல அடிக்காத, நிழல் வந்த செவுத்துல அடி". காலைல கிழக்கால வெயில், அதனால மேற்கு செவுரு. மதியம் மேல கிழக்கு செவுரு நிழலாயிடும், அப்ப அங்க போ. கோயம்புத்தூர்ல மார்ச் வெயில்ல இத மாத்தி அடிச்சா ரோலர் செவுத்துலயே ஒட்டிக்கும், அவ்ளோ சீக்கிரம் இழுத்துக்கும். அங்க அது சரியான பாடம். அந்த பாடத்த அப்படியே மலைக்கு தூக்கிட்டு போனது தான் என் தப்பு.

2022 ஜனவரில ஒரு நாள் முழுக்க அந்த செவுத்து முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து டெம்பரேச்சர் கன் வெச்சு செவுத்துக்கு காய்ச்சல் பாத்தேன் (கொரோனா டைம்ல நெத்தில வெச்ச கன் இதுக்கு ஆகாது, 32 டிகிரிக்கு கீழ போனா அது "லோ"ன்னு தான் காட்டும், இது ஃபேக்டரில யூஸ் பண்றது). காலைல பத்தரைக்கு வெயில் விழுந்த செவுரு 22 டிகிரி. பன்னெண்டுக்கு 24. நிழல் வந்ததும் மள மளன்னு இறங்குது, மூணு மணிக்கு 15, அஞ்சு மணிக்கு 10, ஆறரைக்கு 6. அந்த ஆறரைக்கு காத்து 9 டிகிரி. அதாவது செவுரு காத்த விட குளிர்ச்சி. மேகம் இல்லாத ராத்திரில செவுரு தன் சூட்ட வானத்துக்கு விட்டுடும், அதான் காத்து சைபருக்கு மேல இருந்தாலும் புல்லுல பனி உறையுது.

எமல்ஷன், அதான் தண்ணி பெயிண்ட், காயறதுன்னா துணி காயற மாதிரி தண்ணி மட்டும் போற விஷயம் இல்ல. உள்ள இருக்குற பிசின் கண்ணுக்கு தெரியாத சின்ன சின்ன உருண்டையா தண்ணில மிதக்குது, தண்ணி போகப்போக உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு நெருங்கி அமுங்கி இளகி ஒரே தோலா ஆகணும். அதுக்கு குறைஞ்சபட்ச சூடு வேணும், பெரும்பாலான டப்பால 10 டிகிரின்னு போட்டிருப்பான். குளிர்ல நெய் மணல் மணலா நிக்குமே, இளகாம ஒட்டாம, அதே மாதிரி தான். பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், கைல ஒட்டாது, ஆனா அது தோல் இல்ல, பக்கத்துல பக்கத்துல அடுக்கி வெச்ச கடுகு. மழை வந்து தட்டுனா உதிரத்தான் செய்யும். நாலு மணிக்கு அடிச்ச பெயிண்ட்டுக்கு நான் குடுத்த டைம் ஒரு மணி நேரம், அப்புறம் 10 டிகிரிக்கு கீழ, அதுக்கப்புறம் பனித்தண்ணி வேற. அந்த படுகர் அண்ணன் சொன்ன மூணு மணி கூட லேட்டு தான் போல.

தெற்குப் பக்கம் பெயிண்ட் நல்லா நின்னுது, கலர் போச்சு. டீச்சர் ஆசைப்பட்டு ஜன்னல சுத்தி ரோஜா கலர்ல பட்டை போட சொன்னாங்க, அது அழுக்கு வெள்ளையா வெளிறிடுச்சு. ஆயிரம் மீட்டர் மேல போனா அல்ட்ரா வயலட் சுமாரா பத்து பன்னெண்டு சதவீதம் ஏறும், அப்ப ஊட்டி உயரத்துல கடலோரத்த விட கால் பங்கு ஜாஸ்தி. உடம்புக்கு குளிருது, ஆனா வெயில் சுடுதுன்னு டூரிஸ்ட் சொல்றாங்கல்ல, அதே கதை. பளிச்னு இருக்குற ரோஸ், வயலெட், எலுமிச்சை மஞ்சள்ல நிறைய கலர் இதுல தாங்காது. காவி, செம்மண் கலர், மங்கின மஞ்சள் இதெல்லாம் இரும்பு ஆக்சைடு, அது ஏற்கனவே துரு, வெயில் அத என்ன பண்ணும்.

மேற்குப் பக்கம் பாசி. பச்சை மட்டும் இல்ல, ஆரஞ்சு கலர்ல வெல்வெட் துணி ஒட்டுன மாதிரி திட்டு திட்டா. சார் அடியில இருந்த பழைய காவி கலர் மேல ஊறி வருதுன்னு நெனச்சிருந்தார். அது உயிரோட இருக்குற பாசி, டிரெண்டிபோலியான்னு பேரு, பச்சைப் பாசி குடும்பம் தான் ஆனா கேரட்ல இருக்குற மாதிரி நிறச்சத்து சேத்து வெச்சுக்கறதால ஆரஞ்சா தெரியும். 2001ல கேரளால செவப்பு மழை பெஞ்சுதுன்னு பரபரப்பாச்சே, அந்த தண்ணில இருந்ததும் இந்த இனத்தோட விதைத்தூள் தான்னு ஆராய்ச்சில கண்டுபிடிச்சாங்க. ஊட்டில மேற்கு பாத்த செவுத்துல தான் ஜூன்ல இருந்து காத்தோட மழை படுக்கை வாட்டுல வந்து அடிக்கும். (கோத்தகிரி குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை தான் ஜோரு, அங்க கணக்கே வேற, ஒரே மாவட்டம்னு ஒரே மருந்து குடுக்க முடியாது.) பாசி வளந்த இடத்த மேல பாத்தா சன்ஷேடு. சன்ஷேடு அடியில முன்பக்க ஓரமா ஒரு விரல் அகலம் காடி, அதாவது பள்ளமா ஒரு கோடு, விடணும், தண்ணி அந்த காடியோட நின்னு கீழ சொட்டும். இங்க காடியே இல்ல, அதனால மேல விழுற தண்ணி அடிப்பக்கமா ஊர்ந்து வந்து செவுத்துல இறங்குது, இறங்குன பாதைல கோடு போட்ட மாதிரி பாசி. இதுக்கு எந்த பெயிண்ட் என்ன பண்ணும்?

வடக்குப் பக்கம், பழைய பாகம். இது தான் ரொம்ப மோசம், எனக்கு ரொம்ப பாடம் சொன்னதும் இது தான். இடுப்பு உயரம் வரைக்கும் உள்ளங்கை சைஸ்ல கொப்புளம். ஒண்ண குத்துனேன், தண்ணி வடியுது. பெயிண்ட்ட புடிச்சு இழுத்தா சாக்லேட் பேப்பர் மாதிரி முழம் முழமா உரிஞ்சு வருது, பின்பக்கம் பூரா பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கு.

அந்த செவுத்துக்கு அடியில ஓதம் தடுக்க எதுவும் கிடையாது, அந்த காலத்து கட்டு. மண்ணுல இருக்குற ஈரம் கல்லு மண்ணு வழியா மேல ஏறிக்கிட்டே தான் இருக்கும். எத்தனையோ வருஷமா ஏறி, சுண்ணாம்பு வழியா மூச்சு விட்டு வெளிய போயிட்டு இருந்துச்சு. நான் போய் பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல "வாட்டர்ப்ரூஃப்"னு விக்கிற தடி பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சேன், நல்லது பண்றதா நெனச்சு, டப்பாவும் விலை ஜாஸ்தி. வேர்த்து நிக்கிறவனுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு. அது போக, பழைய சுண்ணாம்பு பத்து பதினஞ்சு கோட்டு இருக்கும், அதுவே செவுத்த சரியா புடிச்சு நிக்கல, அதுக்கு மேல எவ்ளோ கெட்டியா பெயிண்ட் ஒட்டுனாலும் அது சுண்ணாம்பையும் சேத்து பேத்துக்கிட்டு தான் வரும். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி செல்லோடேப் ஒட்டி சடார்னு இழுத்து பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பாக்கல.

இன்னொண்ணும் இருக்கு. ஊட்டி இருக்குற அட்சரேகைக்கு வடக்கு செவுத்துல உச்சி நேரத்து வெயில் படுறதே ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தான், அதுல பாதிக்கு மேல மழைக்காலம். அதாவது அந்த செவுரு வருஷத்துல ஒழுங்கா வெயில் காயற நாள விரல் விட்டு எண்ணிடலாம்.

தகரம் பத்தி சுருக்கமா: புது ஜிஐ (துத்தநாகம் பூசுன) ஷீட் மாத்துன இடத்துல நேரா எனாமல் அடிச்சிருந்தோம், செதில் செதிலா கழண்டுச்சு. துத்தநாகமும் எனாமல்ல இருக்குற எண்ணெயும் சேந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், அப்புறம் எது ஒட்டும். அதுக்குன்னு இருக்குற பிரைமர் அடிச்சுட்டு தான் மேல போகணும். ஜன்னல் மரத்துல சின்ன வெடிப்பு தான், அது எங்கயும் வர்றது.

பெயிண்ட் டப்பா திறக்காத அஞ்சு மாசம்

செப்டம்பர்லயே சார் கேட்டார், "எப்ப ஆரம்பிக்கலாம்?" பிப்ரவரின்னேன். அவருக்கு நம்பிக்கை வரல, நான் நழுவ பாக்குறேன்னு நெனச்சிருப்பார். ஆனா அந்த அஞ்சு மாசமும் வேலை நடந்துச்சு, பெயிண்ட் வேலை மட்டும் தான் நடக்கல.

முதல்ல தண்ணி. மேற்கால சன்ஷேடு எல்லாத்துலயும் அடியில கட்டர் வெச்சு காடி வெட்டுனோம். தகரத்து ஓரத்துல மழைத்தண்ணி குழாய் ரெண்டு இடத்துல தொங்கி செவுத்துலயே ஊத்திட்டு இருந்துச்சு, மாத்துனோம்.

அடுத்து பூச்செடி பஞ்சாயத்து. வடக்கு செவுத்த ஒட்டி டீச்சர் ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணு அணைச்சு ஹைட்ரேஞ்சியா வெச்சிருக்காங்க, கொத்து கொத்தா நீலப் பூ, தினம் ரெண்டு வேளை தண்ணி. கொப்புளம் எல்லாம் அந்த மண்ணு மட்டத்துக்கு மேல தான் ஆரம்பிக்குது. "டீச்சர், இத ரெண்டு அடி தள்ளி வெக்கணும்"னேன். மூணு நாள் என் கூட பேசல. "செவுத்துக்காக செடியா, செடிக்காக செவுரா"ன்னு சார் வேற நடுவுல ஜோக் அடிச்சு ரெண்டு பேர் கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டார். கடைசில அந்த படுகர் அண்ணன் தான் படுக பாஷைல என்னமோ சொல்லி (டீச்சரும் படுகர் தான்) சமாதானம் பண்ணி, அவரே வேரோட மண்ணோட எடுத்து தள்ளி வெச்சு குடுத்தார். செடி ஒண்ணு கூட சாகல. அந்த இடத்த ஒரு அடி ஆழம் தோண்டி ஜல்லி கொட்டி தண்ணி சரிவா ஓட வழி விட்டோம்.

அப்புறம் வடக்கு செவுத்துல நாங்க அடிச்சத பூரா உரிச்சோம். காஞ்ச மேனிக்கு தேய்க்கல, தண்ணி தெளிச்சு தெளிச்சு சுரண்டுனோம். இதுல ஒரு விஷயம் சொல்லணும், பழைய வீட்டு ஜன்னல், கதவுல இருக்குற பழைய எனாமல்ல ஈயம் இருக்க நெறைய வாய்ப்பு. நம்ம நாட்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு 2016ல தான் ரூல் போட்டாங்க, 2017 நவம்பர்ல இருந்து தான் அமல். அதுக்கு முந்தினத டிரையா பேப்பர் போட்டு தேச்சா தூசி பூரா மூக்குக்குள்ள தான், வீட்ல சின்ன குழந்தை இருந்தா கேக்கவே வேணாம். நான் இருபது வருஷம் மூக்குல கர்ச்சீப் மட்டும் கட்டிக்கிட்டு தேச்சவன், எனக்கே இப்ப தான் புத்தி வந்துச்சு.

பூச்சு உதிர்ந்த இடத்துல சிமெண்ட் போடல. சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு, அவ்ளோ தான். சுண்ணாம்பு செவுத்துல சிமெண்ட் ஒட்டு போட்டா அந்த ஒட்டு மட்டும் கெட்டியா நின்னு ஈரத்த சுத்தி இருக்குற நல்ல பூச்சுக்குள்ள தள்ளி விட்டுடும். உப்பு பூத்த இடத்த காஞ்ச பிரஷ்ஷால தட்டி முறத்துல வாரி வெளிய கொட்டுனோம், தண்ணி ஊத்தி கழுவுனா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள தான் போகும்.

அப்படியே விட்டோம், காயட்டும்னு. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கும், தமிழ்நாடு பூரா கொட்டித் தீத்துச்சு. உரிச்சு வெச்ச செவுரோட வீடு நிக்குது, சார் வாட்ஸ்அப்ல தினம் ஒரு போட்டோ அனுப்புறார், கீழ எதுவும் எழுதாம. செப்டம்பர்ல ஈரம் பாக்குற மீட்டர் ஊசிய குத்துனப்ப 28 காட்டுச்சு, பிப்ரவரி நடுவுல அதே இடத்துல 15. மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் கவர வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க, 16 மணி நேரத்துக்கு குறையாம விடுங்க. காலைல உள்பக்கம் வேர்த்திருந்தா பெயிண்ட் டப்பாவ தொடாதீங்க.

வெயில துரத்துன இருபத்தி நாலு நாள்

பிப்ரவரி கடைசில ஆரம்பிச்சோம். நாலு பேர், இருபத்தி நாலு நாள். முதல் தடவை அஞ்சு பேர் பதினோரு நாள்ல முடிச்ச வீடு.

முறைய அப்படியே திருப்பிப் போட்டேன். கீழ நிழல துரத்துவோம், இங்க வெயில. கிழக்கு செவுத்துல எட்டு மணிக்கே வெயில் விழுந்தாலும் உடனே ஏறக்கூடாது, ராத்திரி குடிச்ச பனிய அது விடணும். கன்ல 15 டிகிரி தாண்டுனா தான் ரோலர், அது சுமாரா பத்து மணி ஆயிடும். பன்னெண்டு வரைக்கும் அங்க, அப்புறம் தெற்கு, ஒரு மணிக்கு மேல மேற்கு. மேற்கு செவுத்துல சாயங்காலம் வரைக்கும் வெயில் நிக்கறதால அங்க ரெண்டரை வரைக்கும் போலாம், கிழக்குல பன்னெண்டரையோட நிறுத்திடணும். கடைசியா தொட்ட இடத்துக்கு பனி இறங்க முன்னாடி நாலு மணி நேரமாச்சும் கிடைக்கணும்னு கணக்கு. மூடுபனி வந்துட்டா அன்னைக்கு லீவு, சாரத்துல உக்காந்து டீ குடிக்க வேண்டியது தான்.

பனி கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. காத்து சூடு, ஈரப்பதம் ரெண்டும் காட்டுற சின்ன மீட்டர் கிடைக்குது. காத்து 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா, 11 டிகிரி சொச்சத்துக்கு இறங்குற எந்த பொருள் மேலயும் தண்ணி படியும், பிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்குற மாதிரி. செவுரு அத விட மூணு டிகிரியாச்சும் மேல இருக்கணும். அப்ப இந்த கணக்குக்கு செவுரு 14 அரைக்கு மேல. 12 இருந்தா கண்ணுக்கு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் வேணாம். எங்க பசங்க முதல் ரெண்டு நாள் கிண்டல் பண்ணுனாங்க, "மேஸ்திரி செவுத்துக்கு ஜுரம் எவ்ளோ"ன்னு. மூணாவது நாள்ல இருந்து அவனுங்களே கன்ன புடுங்கிக்கிட்டு போய் பாக்க ஆரம்பிச்சுட்டானுங்க.

"ரெண்டரைக்கு பிரஷ் கழுவுற பெயிண்டர இப்ப தான்பா பாக்குறேன்"னு சார் சொன்னார். அதான் இதுல இருக்குற கசப்பான கணக்கு: கீழ எட்டு மணி நேரம் பெயிண்ட் அடிக்கிற அதே ஆளுக்கு இங்க அடிக்கிற நேரம் நாலரை மணி, கூலி அதே கூலி, ரூம் வாடகை வேற, சீசன் ஆரம்பிச்சுட்டா ரூம் வாடகை நம்ம கைல இல்ல. சதுர அடி ரேட்டு பேசி மலை ஏறுற காண்ட்ராக்டர் நஷ்டப்படக்கூடாதுன்னா அஞ்சரை வரைக்கும் அடிச்சே ஆகணும். டிசம்பர்ல நான் பண்ணது சோம்பேறித்தனமோ திருட்டுத்தனமோ இல்ல, அந்த ரேட்டே என்னை அப்படி அடிக்க வெச்சுது. இப்ப மலைல நான் நாள் கணக்குல தான் பேசுறேன், பாதி கஸ்டமர் ஓடிடறாங்க, ஓடட்டும்.

புது பாகத்துல கிழக்கால மாவ பூரா தேச்சு கழுவி, உள்ள இறங்கி புடிக்கிற தண்ணி மாதிரி பிரைமர் ஒரு கோட்டு, மேல ப்யூர் அக்ரிலிக் ரெண்டு கோட்டு. மேற்கால பாசிய சுரண்டிட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தெளிவ அடிச்சு இருபது நிமிஷம் ஊற விட்டு கழுவி, மூணு நாள் காய விட்டோம். பாசி மேலயே அடிச்சா பெயிண்ட்டுக்கு அடியில அது உயிரோட தான் இருக்கும். (பிளீச்சிங் போட்ட இடத்துல பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்திடாதீங்க, குளோரின் கேஸ் வரும், ஒரு பையன் அப்படி பண்ண போயி கைய புடிச்சு நிறுத்துனேன்.) தெற்கு ஜன்னல் பட்டைக்கு டீச்சர் இந்த தடவை செங்காவி ஒத்துக்கிட்டாங்க, அரை மனசா.

பழைய பாகத்துக்கு என்ன அடிக்கறதுன்னு தான் ரொம்ப யோசிச்சோம். சிலிக்கேட் பெயிண்ட்னு ஒண்ணு இருக்கு, ஜெர்மனில பவேரியா பக்கம் கெய்ம்னு ஒருத்தர் 1878ல பேடண்ட் வாங்குனது, தோலா நிக்காம பூச்சோடவே ரசாயனமா கெட்டிப்பட்டுடும், ஈரம் மூச்சு விடும். அருமையான சரக்கு, விலையும் அருமை. சார் ரேட்ட பாத்துட்டு "நம்ம சுண்ணாம்பே போதும்பா"ன்னார். எனக்கும் அது தான் மனசுல. சுட்ட சுண்ணாம்ப வாங்கிட்டு வந்து நீத்து, ரெண்டு வாரம் தண்ணிக்குள்ளயே ஊற போட்டு, துணில வடிகட்டி, வஜ்ரப் பசை கொஞ்சமா காய்ச்சி ஊத்தி, பால் மாதிரி தண்ணியா கலக்கி அடிச்சோம். சில பேர் உப்பு போடுவாங்க, நான் போடல, உப்பு ஈரத்த கூப்பிட்டு வரும், அந்த செவுத்துல ஏற்கனவே இருக்குற உப்பு போதாதா. ஒரு நாளைக்கு ஒரு கோட்டு, மொத்தம் அஞ்சு. ஒவ்வொரு தடவையும் செவுத்துல தண்ணி தெளிச்சுட்டு தான் அடிக்கணும், சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்து கல்லாகறதுக்கு ஈரம் வேணும். அடிச்சதும் கண்ணாடி மாதிரி ஒண்ணுமே தெரியாது, காயக்காய தான் வெளுக்கும். எங்க பசங்கள்ல சின்னவன் இத பாத்ததே இல்ல, முதல் கோட்டு அடிச்சுட்டு "மேஸ்திரி, இது வெறும் தண்ணி, ஏமாத்திட்டான்"னு கத்துனான், மறுநாள் காலைல வந்து பாத்துட்டு வாயே திறக்கல. சுண்ணாம்புக்கும் உறைபனி ஆகாது, அதனால வடக்கு செவுத்த கடைசியா, மார்ச் நடுவுல வெச்சுக்கிட்டோம்.

இப்ப எப்படி இருக்கு

போன மாசம் மலைக்கு வேற வேலையா போனப்ப எட்டிப் பாத்துட்டு வந்தேன், மூணு வருஷம் தாண்டிடுச்சு. கிழக்கு செவுத்துல கைய வெச்சு தடவுனேன், கை சுத்தம். தெற்குல செங்காவி அப்படியே இருக்கு, டீச்சர் மட்டும் இன்னும் "ரோஸ் தான் நல்லா இருந்துச்சு"ங்கிறாங்க. வடக்குல ஒரு கொப்புளம் இல்ல, ஆனா மழை சாய்ஞ்சு அடிக்கிற மூலைல சுண்ணாம்பு கழுவிப் போய் அடிப்பூச்சு லேசா தெரியுது. அது எதிர்பார்த்தது தான், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு கோட்டு போடணும்னு முன்னாடியே சொல்லியிருந்தேன். போன மார்ச்ல டீச்சரே ஆள் வெச்சு ஒரு பக்கம் அடிச்சிருக்காங்க, நீலம் கொஞ்சம் தூக்கலா போட்டுட்டாங்க, ஹைட்ரேஞ்சியாவுக்கு மேட்சா இருக்குதாம்.

மேற்கால தான் இன்னும் முடியல. கரண்டு மீட்டர் பொட்டிக்கு மேல இருக்குற சன்ஷேடுல ஒயர் குறுக்க போறதால காடி வெட்டாம விட்டிருந்தோம், சரியா அந்த ஒரு இடத்துல மட்டும் ஆரஞ்சு பாசி திரும்ப வந்திருக்கு. அதுக்கு கீழ தரையோரமா ஒரு அடி அகலத்துக்கு உப்பும் பூத்திருக்கு, அது மேல இருந்து வர்ற தண்ணியா தெரியல, பக்கத்துல போற பாத்ரூம் பைப்பு மேல எனக்கு சந்தேகம். பிப்ரவரில வந்து உடைச்சு பாக்குறேன்னு சொல்லியிருக்கேன். "இப்பவே பாத்துடலாமே"ன்னார் சார். அன்னைக்கு மணி மூணே கால், செவுத்துல கைய வெச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு.